எட்டரை மணி வானம்

முருங்கனிலிருந்து எடித் என்ற ஒரு மனுசி எழுதிய கடிதத்தை வாசித்துவிட்டு, "நன்றி சொல்லி மறுக்கவேண்டியவை" என்று எழுதியிருந்த கடிதக் கோவைக்குள்தான் றினோஸா முதலில் வைத்தாள்.

அந்தக் கோவை நல்ல தடிப்பு. பாலத்தைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் நுழைந்ததும், பழைய உப்புக் களஞ்சியம் ஒன்றைத் திருத்தி அமைத்த கலைக்கூடத்தில் அவளுக்கு வேலை. திறந்து நாலு வருடம். அந்த நாலு வருடமும் நன்கொடைப் பகுதிக்கு அவள்தான் தலைவி. கொடுக்கக்கூடியவர்களைத் தேடிப் பிடிப்பது, பிடித்தவர்களைக் கைநழுவாமல் பார்த்துக்கொள்வது, பொருட்களைத் தூக்கிக்கொண்டு வருபவர்களின் மனம் நோகாமல் திருப்பி அனுப்புவது எல்லாம் அவள் தலையில். கிழமைக்கு இரண்டு பேராவது வருவார்கள். துருப்பிடித்த நங்கூரம், ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு, லண்டனில் இருக்கும் மருமகன் கீறிய யேசுநாதர் படம். எல்லாவற்றையும் இரு கையாலும் வாங்கிப் பார்த்து, கொடுத்தவர் முகம் வாடாமல் திருப்பிக் கொடுக்க அவள் பழகியிருந்தாள்.

எடித்தின் கடிதம் ஆறு வரிதான். "என்னிடம் வானத்தின் படங்கள் கொஞ்சம் இருக்கின்றன. எனக்கு அறுபத்தெட்டு வயது. எனக்குப் பிறகு இவற்றைப் பார்க்க ஆள் இல்லை. உங்களுக்குப் பயன்படுமென்றால் வந்து எடுக்கலாம். பயன்படாதென்றால் ஒரு வரி எழுதி அறிவிக்கவும். கரையான் ஏறுவதற்கு முன் எரித்துவிடுவேன்."

எரித்துவிடுவேன் என்ற அந்தச் சொல் றினோஸாவை இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள் அவளுக்குச் சிலாவத்துறைக்குப் போகவேண்டியிருந்தது. வஸீர் ஹாஜியார் பகல் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். சிலாவத்துறையில் பிறந்து, புத்தளத்து அகதி முகாமில் வாலிபத்தைக் கழித்து, கருவாடும் கடலட்டையும் ஏற்றுமதி செய்து பெரிய ஆளாகியவர் அவர். கலைக்கூடத்துக்கு இரண்டாவது மண்டபம் ஒன்று கட்டித் தருவதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கரையின் முத்துக்குளிப்பைக் காட்டும் மண்டபமாக அது இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த இரண்டு வருடத்தில் அவருடைய மகளின் கலியாணத்துக்குப் போய், பெருநாளுக்குப் பெருநாள் வீட்டுக்குப் போய், ஒருமுறைகூட வாய்திறந்து கேட்காமல் காத்திருந்தவள் றினோஸா. இன்றைக்கு முடிவு சொல்கிறேன் என்று அவரே சொல்லியிருந்தார்.

முருங்கன் வழியாகப் போனால் எடித் வீட்டையும் எட்டிப் பார்க்கலாம். அரை மணித்தியாலம் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்கு அந்த வீட்டுப் படலையைத் திறந்தாள்.

கட்டுக்கரைக் குளத்தின் அணைமேடான அலைகரை தெரியும் தூரத்தில், வயலோரமாக ஒரு ஓட்டு வீடு. முற்றத்தின் நடுவில், சுற்றிவர ஒன்றுமில்லாத வெளியில், ஒரு செப்பு உருளை நட்டுவைத்திருந்தது.

"மழைமானி," என்றாள் எடித். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தாள். "நீர்ப்பாசனக் கந்தோரில மழை அளக்கிற வேலை எனக்கு. எழுபத்தொன்பதில சேந்தனான். பென்சன் எடுத்த பிறகு இதைச் சொந்தமா வாங்கி வைச்சிட்டன். கை சும்மா இருக்காதே. உள்ள வாங்கோ பிள்ளை."

உள்ளே சுவரில் படம் எதுவும் இல்லை. எடித் அலுமாரியைத் திறந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே தபாலட்டை அளவில் வெட்டிய தடித்த தாள்கள், சீட்டுக்கட்டு அடுக்கியதுபோல. மேலே இருந்த ஒன்றைத் தூக்கி றினோஸாவின் கையில் கொடுத்தாள்.

வானம். நிலமில்லை, மரமில்லை, ஒரு பறவைகூட இல்லை. தண்ணீர்ச் சாயத்தில் கீறிய வெறும் வானம். கிழக்கிலிருந்து வரும் வெளிச்சம் ஒரு முகில் திரளின் வயிற்றில் பட்டு, அதன் விளிம்பு மட்டும் வெட்டிய மாம்பழத் துண்டுபோல மினுங்கிக்கொண்டிருந்தது. றினோஸா தாளைத் திருப்பினாள். பின்னால் ஒரு திகதி. அதன் கீழே "மு.ப. 8.30. மழை 0.0."

"வடிவா இருக்கு அன்ரி," என்றாள், தன் தொழிற் குரலில். "இப்பிடி எத்தினை இருக்கு?"

"ஒரு நாளைக்கு ஒண்டு."

"எத்தினை நாளா?"

எடித் அவளை ஒருமாதிரிப் பார்த்தாள், கேள்வி விளங்காதவள்போல. "சொன்னனே பிள்ளை. எழுபத்தொன்பதில இருந்து."

அடுத்த அறையின் திரைச்சீலையை விலக்கினாள். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். பிஸ்கற் தகரங்கள், சப்பாத்துப் பெட்டிகள், மூலையில் தண்ணீர்ப் பீப்பாய் அளவில் நீலப் பரல்கள் மூன்று. ஒவ்வொன்றின் மேலும் வருடமும் மாதமும் மையால் எழுதியிருந்தன. நாற்பத்தைந்து வருடம். தலைக்குள் பெருக்கிப் பார்த்த றினோஸாவுக்குப் பதினாறாயிரம் என்று வந்தது; பிழையோ என்று மறுபடியும் பெருக்கினாள். அவள் எத்தனையோ நாடுகளின் அருங்காட்சியகங்களுக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள். பொன் வேய்ந்த கூரைகளின் கீழே நின்றிருக்கிறாள். இப்படி ஒன்றை எங்கும் கண்டதில்லை.

"ஏன் அன்ரி கீறத் தொடங்கினீங்கள்?"

"மழை எழுதிற தாளில வானத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். தெளிவு, முகில், மப்பு. இந்த மூண்டில ஒண்டை எழுதவேணும்." எடித் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "முதல் நாள் காலம பேனையோட அண்ணாந்து பாத்தன். மூண்டுக்குள்ளயும் அடங்கேல்லை. என்ன செய்யிறது? கட்டத்தில முகில் எண்டு எழுதிப்போட்டு, வேற தாளில கீறி வைச்சன். அடுத்த நாளும் அடங்கேல்லை."

பிறகு அவள், "உங்கட பிறந்த நாள் என்ன பிள்ளை?" என்று கேட்டாள்.

றினோஸா சொன்னாள். தொண்ணூற்றியோராம் ஆண்டு, தை மாதம். எடித் நிரையில் விரலை ஓட்டி, ஒரு பிஸ்கற் தகரத்தை இழுத்து, நாலைந்து தாள் புரட்டி ஒன்றை எடுத்தாள். இளஞ்சாம்பல் வானம். நடுவில் மட்டும் யாரோ கையால் விலக்கியதுபோல ஒரு வெளிச்சக் கீறல். பின்னால் "மழை 4.1".

றினோஸா பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலுக்குள். மூன்று வயதுவரை அவளுக்கு ஒரு புகைப்படம் கிடையாது. பிறந்த நேரத்தைக்கூட உம்மா ஊகமாகத்தான் சொல்லுவா. அந்தக் காலையில், தங்கள் குடும்பம் விட்டுவந்த மாவட்டத்தில், முன்பின் தெரியாத ஒரு மனுசி அண்ணாந்து பார்த்து இதைக் கீறியிருக்கிறாள். றினோஸா அந்தத் தாளைக் கீழே வைக்க மறந்து நெடுநேரம் நின்றாள்.

அதன்பின் நேரம் போனது அவளுக்குத் தெரியவில்லை. பெட்டி பெட்டியாகத் திறந்தார்கள். ஒரு வானம்போல இன்னொன்று இல்லை. இரண்டாயிரத்து எட்டில் சண்டை நெருங்க, ஊரோடு இடம்பெயர்ந்து வெள்ளாங்குளம்வரை பெட்டிகளை உழவு இயந்திரத்தில் கொண்டுபோனதையும், அதற்கப்பால் கொண்டுபோக ஏலாமல் மூன்று பரல்களுக்குள் அடுக்கி, மூடியைச் சைக்கிள் ரியூப்பால் இறுக்கிச் சுற்றி, ஒரு பாலைமரத்தடியில் தாட்டதையும் எடித் சொன்னாள். கண்ணிவெடி எடுத்து முடியும்வரை காத்திருந்து, மூன்று வருடம் கழித்துத் தோண்டினாளாம். ஒரு பரலுக்குள் மட்டும் கொஞ்சம் ஈரம்.

"இடையில?" என்று றினோஸா கேட்டாள். "அந்த நாளுகள்?"

எடித் ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்தாள். அதற்குள் இருந்தவை தாளல்ல. பால்மாப் பெட்டியின் கிழிசல்கள், நிவாரண பிஸ்கற் மட்டைகள், மருந்துப் பெட்டியின் உட்புறம். சாயம் முடிந்தபின் கரியாலும் செம்மண்ணாலும் தேயிலைச் சாயத்தாலும் கீறியவை. முள்ளிவாய்க்கால் மணலில் இருந்து அண்ணாந்து பார்த்த வானங்கள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒன்றின் பின்னால் "மழைமானி இல்லை. பால்மாப் பேணியில் அளந்தது. ஏறத்தாழ 11" என்று எழுதியிருந்தது.

"பயமா இருக்கேல்லையா அன்ரி?"

"பயம்தான். பங்கருக்குள்ள இருந்து தலையை நீட்டித்தான் பாக்கவேணும். எண்டாலும் வானம் வந்துகொண்டுதானே இருந்தது, பிள்ளை. அது ஒரு நாளும் நிக்கேல்லை."

அப்போதுதான் கைப்பை அதிர்ந்தது. வஸீர் ஹாஜியார். மணி ஒன்றே முக்கால்.

"எங்க நிக்கிறீங்க புள்ள?" குரலில் கோபத்தைவிட ஆச்சரியம் கூட இருந்தது. அவரைக் காக்கவைத்த ஆள் அண்மையில் யாரும் இருந்திருக்கமாட்டார். "சோறு ஆறிப்போச்சு. நான் மூண்டு மணிக்குக் கொழும்புக்கு வெளிக்கிடணும்."

நன்கொடை கேட்பவர்களுக்கென்று சில விதிகள் உண்டு. காக்கவைக்காதே என்பது முதல் விதி. மன்னிப்புக் கேட்டு, ஒரு பொய்யைச் சொல்லி, காரைப் பறக்கவிட்டிருக்கவேண்டும். றினோஸாவின் வாயில் வந்தது வேறு.

"ஹாஜியார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் முருங்கனில நிக்கிறன். நீங்கள் கொழும்புக்குப் போற வழியில இஞ்ச ஒருக்கா இறங்கவேணும். ஏன் எண்டு போனில சொல்ல எனக்குத் தெரியேல்லை."

எதிர்ப்பக்கத்தில் தொலைபேசி அணைந்தது. இரண்டு வருட உழைப்பு போயிற்று என்று றினோஸா நினைத்தாள். ஆச்சரியம் என்னவென்றால், அந்த நேரத்தில் அது அவளுக்குப் பெரிய நட்டமாகப் படவில்லை.

ஆனால் இரண்டரை மணிக்குப் படலையடியில் ஒரு வெள்ளை வாகனம் வந்து நின்றது.

ஐம்பதைத் தாண்டிய, வெள்ளைச் சேட்டுப் போட்ட, கட்டையான மனிதர். எடித்துக்கு ஸலாம் சொல்லப்போய், சிலுவைச் சங்கிலியைக் கண்டு "வணக்கம் அக்கா" என்றார். கதிரையின் நுனியில் இருந்தார். றினோஸா காட்டிய முதல் நாலு தாள்களையும் பார்த்துத் தலையாட்டினார். நல்ல வியாபாரிக்கு முகம் காட்டிக்கொடுக்காது.

"நல்ல வேலைதான்," என்றார். "ஆனா முத்துக்கு வெளிநாட்டில இருந்து சனம் வரும், புள்ள. வானத்தைப் பாக்க ஆரு டிக்கற் எடுப்பான்? அது வெளிய சும்மா கிடக்கு."

எடித் சொன்னாள்: "ஒரு திகதி சொல்லுங்கோ. என்ன நாளெண்டாலும்."

வஸீர் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே அலைகரையைப் பார்த்துக்கொண்டே, "தொண்ணூறாம் ஆண்டு. ஒக்டோபர் இருபத்தெட்டு," என்றார்.

அந்த நாட்களை றினோஸாவுக்கும் தெரியும். அந்த மாவட்டத்து முஸ்லிம் சனம் முழுவதையும் ஆயுதம் ஏந்திய இயக்கம் வீடு வாசல் விட்டு வெளியேறச் சொன்ன கிழமை அது. தன் உம்மாவும் வயிற்றில் தன்னோடு நடந்த கிழமை.

எடித் உள்ளே போய் வர நேரமெடுத்தது. தாளை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். தெள்ளிய நீலம். அதன் குறுக்கே பஞ்சை நூலாக இழுத்ததுபோல மூன்று வெள்ளைக் கோடுகள். பார்க்கப் பார்க்கக் குளிர்ச்சியான ஒரு காலை.

வஸீர் முகம் சிவந்துவிட்டது. "இது பொய்," என்றார் எழும்பி. "அண்டைக்கு மழை. எனக்குத் தெரியாதா? பதினேழு வயசு எனக்கு. சிலாவத்துறையில இருந்து வாப்பாவைக் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தனான். இந்தா, இந்தக் கட்டுக்கரை அலைகரையடியிலதான் பிடிச்சது. ஒதுங்க ஒரு மரம் இல்லை. இடி. உம்மா குர்ஆனைப் பிளாஸ்ரிக் பையில சுத்தி நெஞ்சோட வைச்சிருந்தவ. நீலமாம், நீலம்!"

எடித் அசையவில்லை. அதே பெட்டியிலிருந்து அடுத்த தாளை எடுத்து, படத்தைக் காட்டாமல் பின்புறத்தைத் திருப்பி வைத்தாள்.

"நான் பாக்கிறது காலம எட்டரைக்கு, தம்பி. அதுக்குப் பிறகு பெய்யிற மழை அடுத்த நாள் கணக்கிலதான் வரும். வாசியுங்கோ."

வஸீர் குனிந்து வாசித்தார். "ஒக்டோபர் 29. மழை 53.2. முதல் நாள் பி.ப. 2.10க்குத் தொடங்கியது. இடி மின்னல். இரவு 9 மணி வரை."

அவர் உதடு மறுபடியும் அசைந்தது. இரண்டாம் தரம் வாசிக்கிறார். மூன்றாம் தரம் வாசிக்கும்போது விரலை அந்த எண்ணின்மேல் வைத்தார்.

"ரெண்டு பத்து," என்றார். "வழியில நிண்டு பகல் ளுஹர் தொழுதிட்டு வெளிக்கிட்டம். ஓம். ரெண்டு பத்தாத்தான் இருக்கும்." பிறகு சின்னப் பிள்ளைபோலக் கேட்டார்: "ஐம்பத்திமூண்டு எண்டா எவ்வளவு அக்கா?"

எடித் மேசைமேல் மூன்று விரலை அடுக்கிக் காட்டினாள். "மில்லிமீற்றர் கணக்கு, தம்பி. இவ்வளவு உயரம்."

"அவ்வளவுதானா?"

"ஒரு இடத்தில இல்லை, தம்பி. இந்தக் குளம் முழுக்க, வயல் முழுக்க, நீங்கள் நடந்த றோட்டு முழுக்க. எல்லா இடத்திலயும் இவ்வளவு உயரத்துக்குத் தண்ணி நிண்டா எப்பிடி இருக்கும், அவ்வளவு."

வஸீர் அந்த மூன்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வடிந்ததை அவர் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "முப்பத்திநாலு வருசமா இந்த மழையை நான் சொல்லிக்கொண்டு திரியிறன்," என்றார். "என்ர பிள்ளைகளே சரியா நம்பினதில்லை. வாப்பா கதை சொல்லுறார் எண்டுதான் நினைச்சாங்க. நான் நனைஞ்ச மழையை ஒரு ஆள் அளந்து வைச்சிருக்கா. யா அல்லாஹ். அளந்து வைச்சிருக்கா."

அப்போது எடித்தின் குரல் முதல்முறையாகத் தளம்பியது.

"நான் அலைகரையில நிண்டனான், தம்பி. சனம் போனதைப் பாத்தனான். பக்கத்தில வந்து ஒரு செம்பு தண்ணிகூடத் தரேல்லை, பயத்தில. மழை எவ்வளவு எண்டு எழுதினன். சனம் எவ்வளவு எண்டு எழுதேல்லை. அதுக்கு அந்தத் தாளில கட்டம் இல்லை எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்."

வெளியே வயலுக்குள் எங்கோ ஒரு உழவு இயந்திரம் இரைந்தது. வஸீர்தான் முதலில் வாய்திறந்தார்.

"அண்டைக்கு ஆரும் கிட்ட வரேல்லைதான். அது எனக்குள்ள இருக்கு, இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா வானத்தைத் தவிர எங்களை ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைச்சிருந்தன். நீங்க நிண்டு பாத்திருக்கிறீங்க." கொஞ்சம் பொறுத்து, "ஒரு தேத்தண்ணி தாங்கோ அக்கா," என்றார்.

அன்று அவர் கொழும்புக்குப் போகவில்லை. இருட்டும் நேரத்தில் வாகனத்தில் ஏறும்போது றினோஸாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே, புள்ள."

கேட்கவேண்டும் என்பதே தனக்கு மறந்துபோனதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

"முத்தைப் பிறகு பாப்பம்," என்றார் அவர். "இதுக்குக் கட்டுங்கோ மண்டபத்தை. உப்புக்காத்துப் போகாத மாதிரி. ஆனா பேர் போடவேணும், சொல்லிப்போட்டன். என்ர பேர் இல்லை. வாப்பாட பேர். அந்த மழையில பிடிச்ச சளி நெஞ்சுக்குள்ள இறங்கித்தான், புத்தளத்தில நாப்பது நாளைக்குள்ள மவுத்தானார்."

மண்டபம் எழும்ப ஒன்றரை வருடம் பிடித்தது. தாள்களை எப்படி மாட்டுவது என்பதில் கலைக்கூட இயக்குநர் கபிலன் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். தெரிந்தெடுத்து நூறு மாட்டலாம் என்றார் முதலில். பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தபின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் மாட்டுவது என்று முடிவானது. வளைந்த ஒற்றைச் சுவர். ஒரு வரிசை ஒரு வருடம். ஜனவரி முதலாம் திகதி வாசலில் தொடங்கும், டிசம்பர் முப்பத்தொன்று மறுகோடியில் முடியும். ஒரே திகதிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுபத்தொன்பதிலிருந்து வருடவரிசையில் இறங்கும்.

கடைசித் தாளை மாட்டி, சாரத்தை இறக்கி, விளக்குகளைப் போட்ட பகலில் றினோஸா சுவருக்குப் பத்தடி தள்ளி நின்றாள். பிறகு இன்னும் பின்னுக்குப் போனாள். முதுகு எதிர்ச்சுவரில் முட்டும்வரை போனாள். கையில் எடுத்துப் பார்த்தபோது தெரியாத ஒன்று அங்கே எழுந்து நின்றது. பங்குனி, சித்திரைப் பக்கம் பொன்னும் வெண்மையுமாக எரிந்தது. ஆடி, ஆவணி நீலம் ஒரு கடல்போல விரிந்தது. ஐப்பசியிலிருந்து மார்கழிவரை, மேலே எழுபத்தொன்பதிலிருந்து கீழே இந்த வருடம்வரை, ஒரு பெரிய சாம்பல் ஆறு சுவரை நிரப்பிக்கொண்டு இறங்கியது. வாடைமழை. அதை யாரும் கீறவில்லை. ஒவ்வொரு காலையாகக் கீறிய ஒருத்தியின் கையினூடாக அதுவே தன்னைக் கீறிக்கொண்டதுபோல இருந்தது. சண்டை நடந்த வருடங்கள் எவை என்று அந்த நிறங்களைப் பார்த்துச் சொல்லமுடியாது. மட்டைத் துண்டுகளின் பழுப்பு ஓரங்கள் மட்டும் ஒரு இடத்தில் காட்டிக்கொடுத்தன. கபிலன் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள், தொழுமிடத்தில் பேசுவதுபோல.

திறப்பு நாளன்று, கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல றினோஸா எழுதிவைத்திருந்த உரை கைப்பைக்குள்ளேயே கிடந்தது. வந்த சனம் உரைக்காக நிற்கவில்லை. நேரே சுவருக்குப் போய், திகதி தேடத் தொடங்கிவிட்டது. பேசாலையிலிருந்து வந்த ஒரு மனுசி, கடலுக்குப் போன புருஷன் திரும்பாத நாளைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தத் தாளின் முன்னால் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு இளம் தம்பதி தங்கள் குழந்தையைத் தூக்கி அது பிறந்த காலையைக் காட்டினார்கள். வஸீர் ஹாஜியார் தன் மூன்று பிள்ளைகளையும் தொண்ணூறாம் ஆண்டு வரிசையில் நிறுத்தி, மூன்று விரலை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

எடித் கடைசியாக உள்ளே வந்தாள். அவள் அதுவரை ஒரு தடவையில் ஒரு வானத்தைத்தான் பார்த்திருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். றினோஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவும் வந்துதா?" என்றாள் எடித். "இவ்வளவுக்குக் கீழயா நான் இருந்தனான்?"

சுவரோரமாக மெல்ல நடந்தாள். ஒரு கோயிலைச் சுற்றிவருவதுபோல, எதையும் தொடாமல், எதிலும் அதிகநேரம் நிற்காமல். தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணிக்கு வந்ததும் நின்றாள்.

"பிள்ளை, இது தலைகீழாக் கிடக்கு."

றினோஸா பார்த்தாள். வெறும் நீலத் தாள். ஒரு பொட்டு முகில் இல்லை. எது மேல், எது கீழ் என்று எப்படித் தெரியும்?

"எப்பிடி அன்ரி சொல்லுறீங்கள்?"

"கடும் நீலம் அடியில நிக்குதே. உச்சியிலதான் கடும் நீலம். கீழ வரவர வெளிறும். எல்லா நாளும் அப்பிடித்தான்."

கபிலன் ஏணி கொண்டுவரப் போனார். றினோஸா மண்டபத்தை விட்டு வெளியே வந்தாள். பாலத்துக்கு அப்பால் பரவைக்கடல் வெயிலில் கிடந்தது. அவள் உச்சியைப் பார்த்தாள். பிறகு பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள். கடும் நீலம் மெல்ல இளகி, பாலாகி, கடலைத் தொடும் இடத்தில் நிறமே இல்லாமல் போயிற்று. முப்பத்தைந்து வருடமாக அவள் தலைக்குமேல் இது இப்படியேதான் இருந்திருக்கிறது. கழுத்து வலிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.